அப்பாவின் ஆடியோகிராமிலிருந்து ஒன்பது பாடல்கள்: ஒரு சுயாதீன ஆல்பத்தின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

மூன்று பேர் கொண்ட சுயாதீன இசைக்குழு ஒன்று தன் இரண்டாவது ஆல்பத்தை உருவாக்கி வெளியிட்ட விதத்தைப் பதிவுசெய்கிறேன். பாடுபவரே பாடல்களையும் எழுதுகிறார். கிட்டாரும் பேஸும் ஒருவர், தாளமும் மின்னணு ஒலிகளும் இன்னொருவர். லேபிளும் கிடையாது, மேலாளரும் கிடையாது. தனித்தனிப் பதிவுகளைக் கலந்து சமன்செய்யும் மிக்ஸிங் என் பொறுப்பில் இருந்ததால், டெமோ கட்டத்திலிருந்து வெளியீட்டுக்குப் பிந்தைய மாதங்கள் வரை பெரும்பாலான முடிவுகள் என் முன்னிலையில்தான் எடுக்கப்பட்டன. குழுவினரும் பாடகியின் தந்தையும் சம்மதித்த பிறகே எழுதுகிறேன். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களும் மருத்துவ எண்களும் சற்றே மாற்றப்பட்டவை.

முதல் ஆல்பத்தில் பதினொரு பாடல்கள் இருந்தன. கைவசம் இருந்ததையெல்லாம் சேர்த்துப் போட்டது அது. இரண்டு பாடல்கள் ஓரளவு ஓடின, மற்றவற்றைக் கேட்க ஆளில்லை. அடுத்த ஆல்பம் முதலிலிருந்து கடைசிவரை ஒரே இருப்பில் கேட்க வைப்பதாக இருக்க வேண்டும் என்பதில் மூவரும் ஒத்துப்போனார்கள். எதைப் பற்றி என்பதில்தான் இழுபறி. எல்லாப் பாடல்களையும் ஒரே எண்ணத்தில் கோக்கும் கருத்து ஆல்பம் என்றாலே தாளக் கலைஞருக்கு அலர்ஜி. "கருத்து கருத்துன்னு சொல்லுவாங்க, கடைசியில அட்டைப் படத்துல மட்டும்தான் இருக்கும்" என்பார். அவருடைய இந்தச் சந்தேகம் பின்னால் பலமுறை குழுவுக்குக் கைகொடுத்தது.

கருத்து வந்த வழி

பாடகியின் தந்தை எழுபதைக் கடந்தவர். மகள் எதைப் பதிவுசெய்தாலும் முதலில் கேட்பவர் அவர்தான். டெமோ ஒன்றைக் கேட்டுவிட்டு, "ஏம்மா, காட்டுக்குள்ள காட்டுக்குள்ளன்னு எதுக்குப் பாடுற?" என்று கேட்டிருக்கிறார். மகள் பாடியது "பாட்டுக்குள்ள". அதற்குச் சில வாரங்கள் கழித்துச் செவித்திறன் சோதனைக்கு அழைத்துப் போனார்கள்.

சோதனை முடிவாகக் கையில் கிடைத்தது ஒரே ஒரு தாள், ஆடியோகிராம். 250 ஹெர்ட்ஸிலிருந்து 8000 ஹெர்ட்ஸ் வரை, ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் அவரால் கேட்க முடிகிற மிக மெல்லிய ஒலி எத்தனை டெசிபல் என்று புள்ளி வைத்திருப்பார்கள். 250-இல் 15, 500-இல் 20, 1000-இல் 30, 2000-இல் 45, 4000-இல் 65, 8000-இல் 80. எண் கூடக்கூட அந்த இடத்தில் காது மந்தம் என்று பொருள். புள்ளிகளைக் கோட்டால் இணைத்தால் இடமிருந்து வலமாக ஒரு சரிவு.

முதுமையில் வரும் செவித்திறன் குறைவு பெரும்பாலும் இந்த வடிவில்தான் இருக்கும். உச்ச அதிர்வெண்களில் தொடங்கிக் கீழ்நோக்கி வரும். உயிரொலிகளின் வலு பெரும்பாலும் கீழ், நடு அதிர்வெண்களில் இருப்பதால் யாரோ பேசுவது நன்றாகவே காதில் விழும். ஒரு மெய்யை இன்னொரு மெய்யிலிருந்து பிரித்துக் காட்டும் வெடிப்பும் உரசலும் 2000 ஹெர்ட்ஸுக்கு மேலே நிறைய இருக்கின்றன. அங்கே காது மங்கும்போது ககரமும் பகரமும் ஒன்றாகிவிடுகின்றன. "கேக்குதும்மா, புரியலதான்" என்று தந்தை சொல்லிவந்ததற்கு அந்தத் தாளில் விளக்கம் இருந்தது.

அடுத்த ஒத்திகைக்குப் பாடகி அந்தத் தாளோடு வந்தார். ஒன்பது பாடல்கள். முதல் பாடலில் எல்லா ஒலியும் இருக்கும். ஒவ்வொரு பாடலிலும் உச்சியிலிருந்து ஒரு படி குறையும். ஒன்பதாவது பாடல் தந்தையின் காதுக்கு எட்டும் எல்லைக்குள்ளேயே அமையும். இதுதான் அவர் முன்வைத்தது. தாளக் கலைஞர்கூட மறுபேச்சுப் பேசவில்லை.

தந்தையின் சம்மதம்

கிட்டார் கலைஞர்தான் முதலில் தயங்கினார். இது ஒருவருடைய மருத்துவ அறிக்கை, நம்முடைய கலைப்பொருள் ஆவதற்கு முன்னால் அவரிடம் முறைப்படி கேட்க வேண்டும் என்றார். கேட்டார்கள். தந்தை ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: "என்னைப் பாவப்பட்டவனா காட்டக் கூடாது. சோகப் பாட்டா போட்டு இழுக்கக் கூடாது."

இந்த ஒரு வாக்கியம் ஆல்பத்தின் திசையையே மாற்றியது. அதுவரை எல்லோர் மனத்திலும் இருந்தது, போகப்போக மெதுவாகி அடங்கிப்போகும் ஓர் அமைப்பு. யாருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். நிபந்தனைக்குப் பிறகு அதைத் தலைகீழாக்கினார்கள். ஒலியின் எல்லை சுருங்கச் சுருங்கத் தாளத்தின் வேகம் கூடும். நிமிடத்துக்கு 72 அடியில் தொடங்கும் ஆல்பம் 132 அடியில் முடிகிறது. எழுத்து வடிவில் ஓர் ஒப்பந்தமும் போட்டார்கள்: தந்தையின் பெயர் வராது, அவர் குரல் வந்தால் வருவாயில் பங்கு உண்டு, மாஸ்டரிங் என்னும் இறுதி ஒலிச் சீரமைப்புக்கு அனுப்பும் நாள்வரை அவர் பின்வாங்கலாம். வீட்டு ஆளிடம் எதற்குக் காகிதம் என்று பலர் கேட்பார்கள். வீட்டு ஆள் என்பதனால்தான் காகிதம் தேவை, இல்லாவிட்டால் அவரால் மறுக்கவே முடியாமல் போகும்.

முதல் முயற்சி: வடிகட்டி

முதலில் எளிய வழியையே முயன்றார்கள். பாடல்களை வழக்கம்போல் முழுமையாகப் பதிவுசெய்துவிட்டு, மிக்ஸில் ஒவ்வொன்றின் மீதும் ஈக்யூ (அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்கும் கருவி) போட்டு உச்ச அதிர்வெண்களை வெட்டுவது. ஒன்பது டெமோக்களுக்கும் அப்படிச் செய்து, கருத்தைச் சொல்லாமல் நண்பர்கள் சிலருக்குக் கேட்கக் கொடுத்தார்கள்.

மூன்று விஷயங்கள் தெரியவந்தன. ஒன்று, நான்காவது பாடலுக்கு மேல் கேட்டவர்கள் எல்லோரும் ஹெட்ஃபோனைக் கழற்றிப் பார்த்தார்கள் அல்லது கோப்பு பழுதாகிவிட்டதா என்று கேட்டார்கள். முழுமையாக இசைக்கப்பட்ட ஒன்றின் மேல் போர்வையைப் போர்த்தினால், போர்வைதான் கேட்கிறது. ஹை-ஹாட் சிம்பல் அடிக்கப்படுவது தெரிகிறது, ஒலிமட்டும் வருவதில்லை. காது இல்லாததைத் தேட ஆரம்பித்துவிடுகிறது, பாடலை விட்டுவிடுகிறது.

இரண்டாவது, கைபேசி ஸ்பீக்கர். அதன் சின்ன ஒலிபெருக்கி கீழ் அதிர்வெண்களைச் சரியாகத் தராது. மேலே இருப்பதை நாங்கள் வெட்டிவிட்டோம், கீழே இருப்பதைக் கைபேசி விழுங்கிவிட்டது. எட்டாம், ஒன்பதாம் பாடல்களில் மிஞ்சியது நடுவே ஒரு மெல்லிய கீற்று.

மூன்றாவது செவித்திறன் வல்லுநர் ஒருவர் சொன்னது. ஆடியோகிராமை அப்படியே வடிகட்டியாக மாற்றுவது தவறு என்றார். அந்தத் தாள் காட்டுவது கேட்கத் தொடங்கும் எல்லையை மட்டுமே. உள்காதின் மயிர்செல்கள் பழுதானவர்களுக்கு மெல்லிய ஒலி கேட்காது. ஆனால் ஒலி அந்த எல்லையைத் தாண்டிவிட்டால் மற்றவர்களுக்குக் கேட்கிற அளவுக்கே உரக்கக் கேட்கும், சமயத்தில் குத்தும். "கொஞ்சம் சத்தமா பேசு" என்பவரே அடுத்த நொடி "ஏன் கத்துற?" என்பது இதனால்தான். அதோடு அருகருகே உள்ள அதிர்வெண்களைப் பிரித்தறிவதும் குறையும். வெறும் ஈக்யூ இவை எதையும் காட்டாது.

முடிவு: குறைவை எழுதிச் சேர்ப்பது

இங்கேதான் திருப்பம். உருவகப்படுத்தும் முயற்சியையே கைவிடலாம் என்று தாளக் கலைஞர் சொன்னார். ஒருவருடைய காதை நம்மால் போலி செய்ய முடியாது. அந்தக் காதுக்கு எட்டும் இடத்தில் வைத்து இசையமைக்க முடியும். வடிகட்டியைத் தூக்கிவிட்டு, ஒவ்வொரு பாடலையும் அதற்கென விதித்த எல்லைக்குள்ளேயே புதிதாக எழுதி, அதற்கேற்ற கருவிகளை வைத்துப் பதிவுசெய்வது என்று முடிவானது. ஏற்கெனவே பதிவான நிறைய டேக்குகள் வீணாயின. வேறு வழி இருந்ததாக எனக்கும் தோன்றவில்லை.

முதல் பாடலில் சிம்பல், ஷேக்கர், உலோகக் கம்பியின் கிறீச்சு, பாடகியின் மூச்சு எல்லாம் உண்டு. மூன்றாவதில் சிம்பலுக்கு வேலையே இல்லை. ஐந்தாவதில் ஷேக்கர் செய்துவந்த வேலையைக் கம்பியை உள்ளங்கையால் அமுக்கி மீட்டும் கிட்டார் எடுத்துக்கொள்கிறது. ஏழாவதில் குச்சிகள் போய் வெறுங்கையால் தோலில் அடிக்கும் தாளம் மட்டும். கேட்பவருக்கு எதுவும் பறிபோனதாகத் தோன்றாது, அந்தப் பாடலில் அது ஒருபோதும் இருந்ததே இல்லை என்பதால்.

கைபேசிக்காக ஒன்று செய்தோம். பேஸுக்கு மிதமான சாச்சுரேஷன், அதாவது லேசான ஒலிச்சிதைவு, கொடுத்து அதன் மேல்சுரங்களை 500 முதல் 1500 ஹெர்ட்ஸ் பகுதியில் எழுப்பினோம். அடிச்சுரம் கேட்காத ஸ்பீக்கரில்கூட மேல்சுரங்களைக் கொண்டு காது அடிச்சுரத்தை ஊகித்துக்கொள்ளும். தந்தையின் கேட்கும் எல்லைக்குள்ளேயே அது அமைந்ததால் விதியையும் மீறவில்லை.

பாடல் வரிகளில் நடந்த வேலைதான் எனக்குப் பிடித்தது. எந்த எழுத்து முதலில் மங்கும் என்று பாடகி பட்டியல் போடத் தொடங்கினார். போட்டு முடித்தபோது அது பள்ளியில் படித்த பாகுபாடாகவே வந்து நின்றது. சகரத்தின் உரசலும், இரட்டித்து வரும் க்க, ட்ட, த்த, ப்ப ஆகியவற்றின் வெடிப்பும் முதலில் போகின்றன. மெல்லினமும் இடையினமும் கீழ் அதிர்வெண்களில் தங்கிவிடுகின்றன. இனம் பிரித்து ஓசை அமைப்பது தமிழ் யாப்புக்குப் புதிதில்லை. தொல்காப்பியச் செய்யுளியல் சொல்லும் இருபது வண்ணங்களில் வல்லெழுத்து மிகுவது வல்லிசை வண்ணம், மெல்லெழுத்து மிகுவது மெல்லிசை வண்ணம், இடையெழுத்து மிகுவது இயைபு வண்ணம். உதடு ஒட்டாமலே பாடும் இதழகலும் இருக்கிறது. விதித்துக்கொண்ட தடைக்குள் எழுதுவது நம் புலவர்களுக்குப் பழகிய விளையாட்டு.

அதன்படி முதல் பாடல் "தட்டித் தட்டிப் பூட்டைத் திற" என்று வல்லினமாகத் தொடங்குகிறது. பாடலுக்குப் பாடல் வல்லினம் குறைந்துகொண்டே வரும். ஒன்பதாவதில் ஒரு வல்லெழுத்துகூட இல்லை: "வா வா, மழை வரும், நிலம் நனையும்." பாடகி எதிர்பாராத சிக்கல் றகரத்தில் வந்தது. ஒன்று, நின்று, கன்று எல்லாமே போயின. கடந்தகால வினைகளில் பெரும்பாலானவை வல்லினத்தைச் சுமந்து வருவதால், கடைசிப் பாடலில் நடந்து முடிந்த எதையும் சொல்ல ஏறக்குறைய வழியே இல்லாமல் போயிற்று. வரும், நனையும், மலரும் என்று எல்லாமே இனி நடக்கப்போவதாக ஆகிவிட்டது. தந்தையின் நிபந்தனைக்கு இதைவிட நல்ல பதில் கிடைத்திருக்காது. ஆனால் அது திட்டமிட்டு வந்ததில்லை, தடை தானாகக் கொடுத்தது.

மாஸ்டரிங்கில் வந்த முரண்

மிக்ஸ்களை வெளியாள் ஒருவரிடம் மாஸ்டரிங்குக்கு அனுப்பினோம். அனுபவம் உள்ளவர். திரும்பி வந்ததைக் கேட்டபோது ஆறு முதல் ஒன்பது வரையான பாடல்களில் உச்சி திறந்திருந்தது. ஆல்பம் முழுவதும் ஒரே தொனியில் இருக்க வேண்டும் என்பது அவர் தொழிலின் பாலபாடம். அதனால் மங்கலாக இருந்தவற்றைப் பிரகாசமாக்கிச் சீர்செய்திருந்தார். தன் வேலையை ஒழுங்காகச் செய்தார் என்றுதான் சொல்வேன். கோப்புகளோடு கருத்துக் குறிப்பு போயிருந்தது, ஆனால் அது ஆல்பத்தின் கதையைத்தான் சொன்னது. எந்தப் பாடலில் எத்தனை ஹெர்ட்ஸுக்கு மேல் கை வைக்கக் கூடாது என்று அதில் இல்லை. அடுத்த சுற்றில் பாடல்வாரியாக அந்த எல்லைகளை எழுதி அனுப்பியதும் பிரச்சினை தீர்ந்தது.

ஒலியளவில் இன்னொரு சிக்கல் வந்தது. ஒலியளவை மதிப்பிட இப்போது எல்லோரும் நம்புவது எல்யூஎஃப்எஸ் அளவு. அதற்கு அடிப்படையான பிஎஸ்.1770 என்ற சர்வதேச அளவீட்டுத் தரத்தில், அளப்பதற்கு முன் உச்ச அதிர்வெண்களுக்குச் சுமார் 4 டெசிபல் கூடுதல் எடை தரப்படுகிறது. உச்சியே இல்லாத ஒன்பதாம் பாடலுக்கு அந்தச் சலுகை கிடைக்காது. மீட்டரில் முதல் பாடலுக்கு இணையாக −14 எல்யூஎஃப்எஸ் காட்ட வேண்டும் என்று தள்ளியபோது, காதுக்குக் கனத்து அமுக்குவதாக இருந்தது. மீட்டரை ஒதுக்கிவிட்டு, பாடலிலிருந்து பாடலுக்குத் தாவிக் கேட்டு, குரல் ஒரே இடத்தில் நிற்கிறதா என்று மட்டும் பார்த்து அமைத்தோம். கடைசிப் பாடல் −17-ஐ ஒட்டி நின்றது. ஸ்பாட்டிஃபையில் ஆல்பத்தை வரிசையாகக் கேட்டால் எல்லாப் பாடல்களுக்கும் பொதுவான ஒரே ஏற்ற இறக்கம்தான் பொருந்தும் என்பதால், பாடல்களுக்கு இடையே நாங்கள் வைத்த விகிதம் குலையவில்லை.

சொல்வதா, சொல்லாமல் விடுவதா

வெளியீட்டுக்கு முன் நடந்த நீண்ட வாக்குவாதம் இதைப் பற்றித்தான். கேட்பவர் தானாகக் கண்டுபிடிக்கட்டும் என்பது கிட்டார் கலைஞரின் நிலை. சொல்லாவிட்டால் ஒருவரும் கண்டுபிடிக்க மாட்டார்கள், மோசமான பதிவு என்றுதான் நினைப்பார்கள் என்றார் பாடகி. குறிப்பு எழுதினால் கருத்து அட்டைக்குப் போய்விடும் என்று தாளக் கலைஞர் தன் பழைய பல்லவியைப் பாடினார்.

முட்டுக்கட்டையை அவிழ்த்தது ஒரு பழைய முன்மாதிரி. அமெரிக்க இசையமைப்பாளர் ஆல்வின் லூசியர் 1969-இல் செய்த 'ஐ ஆம் சிட்டிங் இன் எ ரூம்' படைப்பில், தான் என்ன செய்யப்போகிறேன் என்பதைத் தொடக்கத்திலேயே தன் குரலில் சொல்கிறார். அந்தப் பேச்சையே அறைக்குள் ஒலிக்கவிட்டு மறுபடி மறுபடி பதிவுசெய்ய, அறையின் அதிர்வு பேச்சைக் கரைத்துவிடுகிறது. விளக்கமே அங்கே மூலப்பொருள். அதைக் கேட்ட பிறகு இவர்கள் எடுத்த முடிவு, முதல் பாடலின் முன்னால் தந்தையே தன் ஆடியோகிராமை வாசிப்பது. பின்னிசை கிடையாது. "இருநூத்தம்பது, பதினஞ்சு. ஐநூறு, இருபது. ஆயிரம், முப்பது." எண்பது வந்ததும் தாளம் நுழைகிறது. எண்கள் என்னவென்று யாரும் விளக்கவில்லை. தெரிய விரும்புகிறவர் தேடிக்கொள்ளலாம், மற்றவர்களுக்கு அது ஒரு முதியவரின் குரல். அவர் ஒரே டேக்கில் சொல்லி முடித்துவிட்டு, "இதுக்குப் போயா இவ்வளவு மைக்?" என்று கேட்டதையும் பதிவிலேயே விட்டுவைக்கலாமா என்று யோசித்து, பிறகு வெட்டிவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தம்தான்.

வெளியீடு

இசைத்தட்டு யோசனை ஒன்று வந்து போனது. நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும் பன்னிரண்டு அங்குல எல்பியில் வெளிவிளிம்பில் ஊசிக்கு அடியில் நொடிக்கு 50 சென்டிமீட்டர் பள்ளம் ஓடும். உள்ளே போகப்போக அது பாதிக்கும் கீழே குறையும், உச்ச அதிர்வெண்களும் அங்கே தேயும். ஊடகமே கருத்தைச் செய்துகாட்டும் என்று மகிழ்ந்தோம். ஆனால் பக்கத்தைப் புரட்டியதும் ஆறாவது பாடல் மறுபடி வெளிவிளிம்புக்கு வந்துவிடும். செலவும் கட்டுப்படியாகவில்லை. கைவிட்டார்கள்.

ஸ்ட்ரீமிங் தளங்களுக்கு ஒன்பது தனித்தனிப் பாடல்களாகவும், இசைக்குழுக்கள் நேரடியாக விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் கூடுதலாக 41 நிமிடத்தில் ஒரே தொடர் கோப்பாகவும் போடுவது என்று முடிவானது. ஸ்ட்ரீமிங்கிலும் ஒரே கோப்பாகப் போட்டால் வரிசை குலையாது. ஆனால் அங்கே முப்பது நொடியைத் தாண்டினால் ஒரு கேட்பு என்று கணக்கு. 41 நிமிடம் கேட்டாலும் ஒன்றுதான். 2021 நவம்பரில் அடேல் கேட்டுக்கொண்டதை அடுத்து ஸ்பாட்டிஃபை ஆல்பம் பக்கத்தின் முதன்மைப் பொத்தானிலிருந்து ஷஃபிளை (வரிசையைக் கலைத்துப் போடும் வசதியை) எடுத்தது. அந்த அளவுக்காவது வரிசை காப்பாற்றப்படும் என்ற நம்பிக்கையில் இவர்கள் பாடல்களைப் பிரித்தார்கள்.

பிளேலிஸ்ட் ஆசிரியர்களுக்கு முன்கூட்டியே ஒரு பாடலைத்தான் பரிந்துரைக்க முடியும். இரண்டாவது பாடல் எல்லோரையும் கவரக்கூடியது, ஆனால் அதை நம்பி வருபவர் ஏழாவதில் ஏமாறுவார். ஒன்பதாவதை அனுப்பினால் பதிவுக் கோளாறு என்று ஒதுக்கிவிடுவார்கள். நடுவே நிற்கும் நான்காவதை அனுப்பினார்கள். எந்தப் பட்டியலிலும் அது இடம்பெறவில்லை.

பாடல்களைத் தளங்களுக்கு அனுப்பும் விநியோக நிறுவனம் எட்டாம், ஒன்பதாம் பாடல்களை ஒலித்தரம் குறித்த கேள்வியோடு நிறுத்திவைத்தது. வேண்டுமென்றே அப்படி என்று விளக்கி, 24 பிட் மூலக் கோப்புகளை மறுபடி அனுப்பியதும் விட்டுவிட்டார்கள். அறிவித்த தேதிக்குள் வெளியாகிவிட்டதற்குக் காரணம், ஐந்து வாரம் முன்னதாகவே ஏற்றியிருந்தது மட்டும்தான்.

பின் நடந்தது

முழு ஆல்பத்தையும் கேட்டவர்கள் எழுதியதில் ஒரு பொதுத்தன்மை இருந்தது. எங்கே மாறியது என்று சொல்லத் தெரியவில்லை, முடிந்ததும் மறுபடி முதல் பாடலைப் போட்டபோது அதன் கூர்மை திடுக்கிட வைத்தது என்றார்கள். வடிகட்டியைக் கைவிட்டு எழுதிச் சேர்த்ததன் பலன் இது. மாற்றம் நடக்கும்போது தெரியாமல், ஒப்பிடும்போது மட்டும் தெரிவது.

தனித்தனியாகக் கேட்டவர்களின் கதை வேறு. ஏழாவது பாடலுக்கு "மிக்ஸிங் சொதப்பல்" என்ற விமர்சனம் வந்தது. எட்டாவது பாடலைத் தூக்கத்துக்கான பிளேலிஸ்ட் ஒன்றில் யாரோ சேர்த்தார்கள். உச்ச ஒலிகள் இல்லாதது தூங்குவோருக்கு இதமாக இருந்திருக்க வேண்டும். சில மாதங்களில் மற்ற எட்டுப் பாடல்களையும் சேர்த்ததைவிட அந்த ஒன்றின் கேட்புகள் அதிகமாயின. நிமிடத்துக்கு 124 அடி ஓடும் பாடல் அது. குழுவுக்கு இதில் பெருமையா எரிச்சலா என்று இன்னமும் தெளிவில்லை, வருவாய் மட்டும் அங்கிருந்துதான் வருகிறது.

தந்தை கேட்டதை நான் நேரில் பார்த்தேன். செவித்துணைக் கருவி இல்லாமல் முழு ஆல்பத்தையும் ஸ்பீக்கரில் கேட்டார். முடிந்ததும் மகளிடம், "எல்லாம் ஒரே மாதிரிதானேம்மா இருக்கு? என்னமோ குறையும் குறையும்னு சொன்னீங்களே" என்றார். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யோசித்தால் இதைவிடத் துல்லியமான சோதனை இருக்க முடியாது. நாங்கள் படிப்படியாக எடுத்தவை எல்லாம் அவருக்கு முதலிலேயே கேட்காதவை. அவருக்கு எதுவும் குறையவில்லை. சில நாள் கழித்துக் கருவியை மாட்டிக்கொண்டு முதல் பாடலை மட்டும் கேட்டபோது ஷேக்கரைச் சுட்டி, "இது என்ன, மண்ணு உதிர்ற மாதிரி?" என்று கேட்டார். அதே பாடலின் நீண்ட குழல் சுரத்தில் செவித்துணைக் கருவியின் ஒலி தன்னிச்சையாக நடுங்கியது. தன் ஒலியே திரும்பி வந்து ஊளையிடாமல் தடுக்கும் வசதி, நீளமான தூய சுரங்களையும் ஊளை என்று எண்ணிக்கொள்வதால் வருவது. கருவியை இசைக்கான நிலைக்கு மாற்றியதும் நடுக்கம் பெரும்பாலும் நின்றது.

செவித்திறன் குறைந்த கேட்பாளர் ஒருவர் குழுவுக்கு எழுதிய நீண்ட கடிதத்தைத்தான் மிக முக்கியமான எதிர்வினையாக நினைக்கிறேன். ஆல்பம் பிடித்திருந்தது, ஆனால் அது பாதியைத்தான் சொல்கிறது என்றார். காது நன்றாக இருப்பவர்கள் இந்தக் குறையை மங்கலாக மட்டுமே கற்பனை செய்கிறார்கள், எங்களுக்கு மங்கலும் குத்தலும் சேர்ந்தே வரும், தட்டு கீழே விழுந்தால் நாங்கள்தான் முதலில் துள்ளுவோம் என்று எழுதியிருந்தார். செவித்திறன் வல்லுநர் முன்பே சொன்னதும் இதுதான். குழு அதை வடிகட்டியைக் கைவிடுவதற்கான காரணமாக எடுத்துக்கொண்டது, இசைக்கான பொருளாக எடுத்துக்கொள்ளவில்லை. அதே கடிதத்தில், பாடல் வரிகள் ஏன் எங்குமே எழுத்தில் இல்லை என்றும் கேட்டிருந்தார். கேட்க முடியாதவரைப் பற்றிய ஆல்பத்தில் படிக்க ஒரு வரியும் இல்லை. அந்த வாரமே எல்லாத் தளங்களிலும் வரிகளை ஏற்றினார்கள்.

அடுத்த முறை மாற்றுவதாக இருப்பவை

வரிகள் வெளியீட்டு நாளன்றே எழுத்தில் இருக்கும். செவித்திறன் குறைந்தவர்கள் சிலரை டெமோ கட்டத்திலேயே கேட்க வைப்பார்கள். இம்முறை தந்தை ஒருவரின் காதே எல்லோருடைய காதுக்கும் பிரதிநிதி ஆகிவிட்டது. மாஸ்டரிங் செய்பவருக்கு முதலில் எண்கள் போகும், கதை பிறகு.

வரிசை விஷயத்தில் குழுவுக்குள் இன்னும் உடன்பாடு இல்லை. தனியாக அகப்பட்டால் ஏழாவது பாடல் தன் காலில் நிற்கவில்லை என்பது என் கணிப்பு. எட்டாவதும் ஒன்பதாவதும் நிற்கின்றன, ஏனென்றால் அவற்றின் எல்லை மிகக் குறுகியதாக இருந்ததால் அதற்கேற்ற வேறு உலகத்தையே எழுத வேண்டியிருந்தது. ஏழாவது பழைய பழக்கத்துக்கும் புதிய விதிக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. கிட்டார் கலைஞர் இதை ஏற்கிறார், பாடகி ஏற்கவில்லை. வரிசையில் கேட்டால் அந்தத் தடுமாற்றமே தேவை என்கிறார்.

கடிதம் எழுதியவரோடு சேர்ந்து ஆறாவது பாடலை மறுபடி செய்து வருகிறார்கள். மெல்லிய இடங்கள் இன்னும் மெலிந்து, நடுவே கைத்தாளம் ஒன்று எச்சரிக்கையின்றி உரக்க விழும் வடிவம். புதிய கலவை என்பதால் அதற்குத் தனி ஐஎஸ்ஆர்சி எண் (ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் உரிய அடையாள எண்) வாங்க வேண்டும், பழைய பாடலின் கேட்புக் கணக்கு அதற்கு வராது. பழையதை நீக்கிவிட்டு இதை வைப்பதா, இரண்டையும் வைப்பதா என்பதைத் தந்தையிடம் கேட்டார்கள். "ரெண்டும் இருக்கட்டும். எது வேற எதுன்னு எனக்குச் சொல்லிடுங்க" என்றிருக்கிறார்.